எண்ணெய் கசியும் வரைதான்: தடித்துப்போன மூக்குக்கு லேசர் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

"டாக்டர், நான் குடிக்கிறவன் இல்லை."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் சொன்னது இதுதான். என்ன தொந்தரவு என்று நான் இன்னும் கேட்கவே இல்லை. வயது 63. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட வந்த அவருடைய மனைவி, "அதை யாரும் கேட்கலையே, முதல்ல உட்காருங்க" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார் அவர். அதை எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின.

அவர் சம்மதம் தந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எதையும் சேர்க்கவில்லை. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஓரிடத்தில் நான் தவறினேன். அந்த இடத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முப்பது வயதை ஒட்டியே அவருக்கு முகம் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் நின்றால், சூடாக எதையாவது குடித்தால், கோபப்பட்டால் கன்னமும் மூக்கும் தணல் போல எரியும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நாற்பதுகளில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் வந்தன. பருக்களுக்கான களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணில் மண் விழுந்தாற்போன்ற உறுத்தலும் உண்டு. அதையும் மூக்கையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் மூக்கு நுனி பருக்கத் தொடங்கியது. வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார். பதினோரு வருடங்களில் அது கைக்குட்டையால் மறைக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது.

வேலையில் இருந்த கடைசிக் காலத்தைப் பற்றி அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் எல்லா ஓட்டுநர்களையும் கருவியில் ஊதச் சொல்வார்கள். இவரை மட்டும் இரண்டு முறை ஊதச் சொல்வார்களாம். "ஒரு நாள்கூட மெஷின் எதையும் காட்டலை டாக்டர். ஆனா மறுநாளும் ரெண்டு தடவைதான்." அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை.

மனைவிக்கு வேறு கவலை. ராத்திரி தூக்கத்தில் இவர் மூச்சு விடும்போது விசில் அடிப்பது போலச் சத்தம் வருகிறது, இடையிடையே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார் என்றார். மூக்கு மடல்கள் கனத்துத் தொங்கி நாசித் துவாரத்தை மூடுவதால் வரும் சத்தம் அது. தோற்றத்துக்காக மட்டும் செய்யும் சிகிச்சை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்தச் சத்தத்தை ஒரு இரவு கேட்க வேண்டும்.

பரிசோதனையில் கண்டது

மூக்குத் தண்டின் மேல்பகுதி ஏறக்குறைய இயல்பாக இருந்தது. கீழ்ப் பாதிதான் முழுவதும் மாறியிருந்தது. நுனியில் பிளவுபட்ட இரண்டு குமிழ்கள். வலது மடல் பரவலாகத் தடித்து, ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக இருந்தது. இடது மடலில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலத்தில் தனியாக ஒரு கட்டி, கீழ்நோக்கித் தொங்கியது. வலதுபுறம் தொட்டால் மெத்தென்று இருந்தது. இரண்டு விரலால் மெதுவாக அழுத்தியதும் அத்தனை துளைகளிலிருந்தும் வெள்ளை நூல் போல எண்ணெய்க் குழம்பு வெளியே வந்தது. அதற்கென்று ஒரு வாடை உண்டு. அவருக்கும் அது தெரிந்திருந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கட்டியோ அழுத்தினால் ரப்பர் மாதிரி விறைப்பாக இருந்தது, எதுவும் வரவில்லை. இந்த வித்தியாசத்தை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

கன்னங்களில் சிவப்பு இருந்தது, ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அவருடையது நல்ல மாநிறத் தோல். கண்ணாடித் துண்டால் அழுத்தி எடுத்தபோதுதான் வெளிறிப் பிறகு சிவப்பதும், விரிந்த நுண்குழாய்களும் தெரிந்தன. மாநிறத்திலும் கருநிறத்திலும் ரோசேசியா என்ற இந்த முக அழற்சி கண்ணில் படாமல் தவறிப்போவதற்கு இதுதான் காரணம். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெளுத்த முகங்கள். அதைப் பார்த்துப் பழகிய கண் மாநிற முகத்தில் சிவப்பைத் தேடுவதே இல்லை. பரு என்றோ ஒவ்வாமை என்றோ மருந்து எழுதி வருடங்கள் ஓடிவிடுகின்றன.

சரி, இந்த மூக்குக்குள் நடப்பது என்ன? ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதியில் தோலின் எதிர்ப்பு வேலையும் ரத்தக்குழாய்களும் தேவைக்கு மேல் கிளர்ந்தெழும் நாள்பட்ட அழற்சி. கிருமிகளை விரட்டத் தோல் தயாரிக்கும் கேத்தலிசிடின் என்ற புரதம் இவர்களுக்கு அளவுக்கு மீறியும் வடிவம் மாறியும் உருவாகிறது. மயிர்க்கால்களில் எல்லாருக்கும் குடியிருக்கும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணிகளும் இவர்களுக்குக் கூடுதலாக இருக்கும். இப்படி வருடக்கணக்கில் தோல் வீங்கி வீங்கி வடியும்போது சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு, எண்ணெய்ச் சுரப்பிகள் பல மடங்கு பெருக்கின்றன. சுரப்பி வாய்கள் அகன்று அடைத்துக்கொள்கின்றன. சுற்றிலும் நார்த்திசு படிகிறது. இதற்கு ரைனோஃபைமா என்று பெயர்; மூக்கில் வளர்ச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. வியன்னாவின் தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1845இல் வைத்த பெயர் இது. மூக்கில்தான் அதிகம். அரிதாக முகவாய், நெற்றி, காது, இமை ஆகிய இடங்களிலும் இதே தடிப்பு வரும். 2017இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி ரோசேசியாவை அடையாளம் காணும் விதிகளைத் திருத்தினார்கள். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்தத் தடிப்பு ஒன்றை வைத்தே ரோசேசியா என்று முடிவு செய்யலாம் என்பது அதில் ஒன்று.

இதில் மது எங்கே வந்தது? மது ரத்தக்குழாய்களை விரிக்கும், அதனால் ரோசேசியா உள்ளவரின் முகம் அப்போதைக்குச் சிவக்கும். வெயிலும் சூடான பானமும் அதையேதான் செய்கின்றன. மூக்கு தடிப்பதற்கு மதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் பல மொழிகளில் இந்த மூக்குக்குக் குடியை வைத்தே பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் ஓவியர் டொமெனிக்கோ கிர்லாண்டாயோ 1490ஐ ஒட்டி வரைந்த ஓவியம் ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குமிழ் குமிழாகத் தடித்த மூக்குடன் ஒரு கிழவர், அவர் மடியில் சாய்ந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கும் பேரன். மாணவர்களுக்கு இந்த நோயைச் சொல்லித்தரும்போது முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். அந்தப் பிள்ளை தாத்தாவைப் பார்க்கிற மாதிரி நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

எந்தச் சிகிச்சை என்று முடிவெடுத்தது

மாத்திரையோ களிம்போ இந்தக் கட்டத்தில் மூக்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவராது. ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை சுரப்பிகளைச் சுருக்கும். ஆரம்ப நிலையில், மூக்கு இன்னும் மெத்தென்று இருக்கும்போது அது நல்ல பலன் தரும். நிறுத்தினால் ஓரளவு திரும்ப வளரும். படிந்துவிட்ட நார்த்திசுவை அது கரைக்காது. இவர் வேறிடத்தில் சில மாதங்கள் அதைச் சாப்பிட்டு, நிறுத்தி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இதைக் குறிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மருந்து உடலில் இருக்கும்போது தோலை முழுப்பரப்பில் உரித்தெடுக்கும் லேசரைத் தவிர்ப்பது வழக்கம். தோல் மூடுவதற்குச் சுரப்பிகளையே நம்பியிருக்கிறோம், அந்த மருந்தோ சுரப்பிகளை உறங்க வைக்கிறது.

ஆக, தடித்ததைச் சீவித்தான் எடுக்க வேண்டும். கத்தியால் சீவலாம், வேகமான வழி, திசுவையும் சோதனைக்கு முழுதாக அனுப்பலாம். ஆனால் மூக்கில் ரத்த ஓட்டம் அதிகம். ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம் என்பது தெரியாது. மின்சாரக் கம்பி வளையத்தால் சீவுவது இன்னொரு வழி. கைதேர்ந்தவர் செய்தால் அதன் பலனும் லேசரின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான், இதை மறைக்க வேண்டியதில்லை. லேசர் இல்லாத இடத்தில் ஒருவர் மின் வளையத்தால் செய்கிறேன் என்றால் தயங்காமல் செய்துகொள்ளலாம்.

நான் கார்பன் டை ஆக்சைடு லேசரை எடுத்ததற்குக் காரணம் என் கைக்கு அதுதான் பழக்கம் என்பதும், அதில் வேலை செய்யும்போது களம் காய்ந்து தெளிவாக இருக்கும் என்பதும். குமார் படேல் 1964இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது இந்த லேசர். 10,600 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. திசுவில் இருக்கும் தண்ணீர் அதை உறிஞ்சி அந்த நொடியே ஆவியாகிவிடும். சுற்றுப்புறத்தில் கொஞ்சம் வெப்பம் பரவும், அந்த வெப்பமே சிறு ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசரைத் தண்ணீர் இன்னும் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். அதனால் வெப்பச் சேதம் குறைவு, ஆறுவதும் சீக்கிரம். ஆனால் ரத்தக்குழாய்கள் அடைபடாததால் கசிவு அதிகம். இவ்வளவு பருத்த மூக்குக்கு அது எனக்குத் தோதுப்படவில்லை. புள்ளி புள்ளியாகத் துளைக்கும் ஃப்ராக்ஷனல் லேசர் லேசான தடிப்புக்குச் சரி, இங்கே பயன்படாது.

லேசரில் ஒரு பெரிய குறை உண்டு. ஆவியாகிப் போனதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. தடித்த மூக்கின் மேடு பள்ளங்களுக்கு நடுவே தோல் புற்று, குறிப்பாக அடித்தளச் செல் புற்று, ஒளிந்திருந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பல உண்டு. அதனால் சந்தேகமான இடத்தில் முன்கூட்டியே பயாப்ஸி எடுத்துவிட வேண்டும். இவருக்கு வலது மடலில் பளபளப்பாகத் தெரிந்த ஒரு சிறு முடிச்சிலும் இடது கட்டியிலும் 3 மி.மீ. அளவில் துணுக்கு எடுத்து அனுப்பினேன். இரண்டிலும் புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. வலதில் சுரப்பிகள் பெருத்திருந்தன. இடதில் நார்த்திசுதான் மிகுதி, சுரப்பிகள் அங்கங்கே ஒன்றிரண்டு என்று எழுதியிருந்தார்கள். புற்று இல்லை என்ற வரியைப் படித்து நிம்மதியாகி அறிக்கையைக் கோப்பில் வைத்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை உதட்டில் அக்கி போலக் கொப்புளம் வரும் என்று மனைவி சொன்னார். ஹெர்பிஸ் வைரஸ் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோலற்ற பரப்பில் அது பரவினால் பெரும் பாதிப்பு. லேசருக்கு முதல் நாளே வைரஸை அடக்கும் வாலாசைக்ளோவிர் 500 மி.கி. தினம் இரண்டு வேளை தொடங்கி, தோல் மூடும்வரை தொடர்ந்தோம்.

இன்னொரு விஷயமும் கேட்டேன்: முப்பது வயதுவாக்கில் எடுத்த பழைய போட்டோ. மனைவி திருமணப் படத்தைக் கொண்டுவந்தார். உண்மையில் இது தேவை. மூக்கின் பழைய வடிவம் என்னவென்று தெரியாமல் செதுக்கினால் நமக்குப் பிடித்த ஒரு மூக்கைத்தான் செய்து வைப்போம். அந்தப் படத்தை அறுவை அறையில் கண்ணெதிரே ஒட்டி வைத்தேன்.

லேசர் செய்த நாள்

படுக்க வைத்து மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமைகளுக்குள் உலோகக் கண் கவசம் வைத்தோம். மூக்கைச் சுற்றிலும், நாசித் துவாரத்துக்குள்ளும் உப்புநீரில் நனைத்த காஸ் துணி. ஸ்பிரிட் கலந்த எதையும் தோலில் தடவவில்லை, ஆக்ஸிஜன் குழாயும் வைக்கவில்லை. இந்த லேசர் பக்கத்தில் ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஆக்ஸிஜன் தீயை மூட்டி வளர்க்கும். அறையில் இருந்த எல்லாருக்கும் கண்ணாடி, முகக்கவசம். புகை உறிஞ்சியின் வாயை மூக்கிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்திலேயே ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புகையைச் சுவாசிப்பது நல்லதல்ல, வாடையும் தாங்காது.

கண்ணுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளிவரும் நரம்பு, கண்ணின் உள்முனைக்கு அருகே இறங்கும் நரம்பு, மூக்குத் தண்டின் பக்கவாட்டில் வரும் நரம்பு ஆகியவற்றை இரண்டு பக்கமும் மரத்துப்போகச் செய்தேன். அப்புறம் மூக்கு முழுவதும் ஊசி. மொத்தம் 18 மி.லி., மரத்துப்போகச் செய்யும் 1 சதவீத லிக்னோகைன், ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் 2,00,000க்கு ஒரு பங்கு கலந்தது. மூக்கு நுனியில் அட்ரினலின் போடக்கூடாது என்ற பழைய எச்சரிக்கையை இன்றும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கின் ரத்த ஓட்டத்துக்கு இந்தச் சிறு அளவால் ஆபத்து இல்லை. போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூக்கு வெளிறியதும் தொடங்கினேன்.

முதலில் இடது கட்டி. கதிரைக் குவித்து, கத்தி போல வைத்து, தொங்கிய பகுதியை அறுத்தெடுத்து மறுபடியும் சோதனைக்கு அனுப்பினேன். அப்புறம் கதிரைக் கொஞ்சம் விலக்கி 2, 3 மி.மீ. அகலப் புள்ளியாக்கி, 15 வாட்டில், தூரிகையால் வண்ணம் பூசுவது போல வலப்பக்கம் வரிவரியாக ஓட்டினேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நனைந்த துணியால் கரியைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அதன்மேலேயே மறுபடி சுட்டால் கரி தணலாகிக் கீழே தேவையில்லாமல் வெப்பத்தை இறக்கும்.

இந்த வேலையில் எவ்வளவு எடுப்பது என்பது பெரிய விஷயமில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லாம்.

தோலின் மேற்பரப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, ஒட்டுத்தோல் எதுவும் வைக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறோம். புதுத்தோல் எங்கிருந்து வரும்? மிச்சம் விட்ட சுரப்பிக் குழாய்களின் அடியிலிருந்து. குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் மேலேறி வந்து, பக்கத்துக் குழாயிலிருந்து வரும் செல்களோடு கைகோர்த்துப் பரப்பை மூடுகின்றன. நோயாக வளர்ந்த அதே சுரப்பிகள்தான் ஆறுவதற்கும் மூலதனம். விதைநெல் மாதிரி. பேராசையில் அதையும் எடுத்துவிட்டால் அடுத்து முளைக்க ஒன்றும் இருக்காது. தோலுக்குப் பதில் தழும்புதான் வரும்.

விதைநெல் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மூக்கை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிப் பார்ப்பேன். மஞ்சள் கலந்த வெண்மைப் பரப்பில் துளைகள் தெரிந்து, அவற்றிலிருந்து எண்ணெய் பொட்டுப் பொட்டாகக் கசிந்தால் சுரப்பிகள் கீழே இருக்கின்றன. ஆழம் போகப் போகத் துளைகள் சிறுத்துக்கொண்டே வரும், கசிவும் குறையும். குறையத் தொடங்கும்போதே நிறுத்திவிட வேண்டும், நிற்கும்வரை போகக்கூடாது. அதற்குக் கீழே வழவழப்பான வெண்பரப்பும் குருத்தெலும்பின் உறையும்தான் இருக்கின்றன. அங்கே போகவே கூடாது. மடலின் விளிம்பில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்கே கொஞ்சம் தடிப்பாகவே விட்டுவிட வேண்டும். ஆறும்போது சுருங்கும் திசு விளிம்பை மேலே இழுத்துவிடும்.

வலப்பக்கமும் நுனியும் நினைத்தபடி வந்தன. திருமணப் படத்தைப் பார்ப்பதும், சீவுவதும், கிள்ளிப் பார்ப்பதுமாக நாற்பது நிமிடம். நுனியில் இரண்டு குமிழ்களுக்கு நடுவே இருந்த பிளவு மறைந்து ஒற்றை வளைவாக வந்தபோது, கூட இருந்த நர்ஸ் படத்தையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு இடது மடலுக்கு வந்தேன். அறுத்த இடம் இன்னும் மேடாக இருந்தது. கிள்ளினேன், கசிவு இல்லை. அங்கே ஆரம்பத்திலிருந்தே கசிவு இல்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அடைபட்டிருக்கும், இன்னும் ஒரு படலம் எடுத்தால் துளைகள் தெரியும் என்று எண்ணி ஒரு சுற்று ஓட்டினேன். தெரியவில்லை. இன்னொரு சுற்று. அப்போது நிறம் மாறியது. மஞ்சள் போய்ச் சுண்ணாம்பு வெள்ளை. கையை எடுத்துவிட்டேன். ஆனால் இரண்டு சுற்றுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

கடைசியாக, வெப்பம் தங்காத குறுந்துடிப்பு முறைக்கு மாற்றி ஓரங்களை மட்டும் மெலிதாக இழைத்து, சுற்றியுள்ள தோலோடு பொருத்தினேன். ரத்தம் சில சொட்டுகள்தான். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, ஒட்டாத துணி வைத்து அனுப்பினோம்.

ஆறிய விதம்

முதல் மூன்று நாள் மூக்கிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அவர்கள் பயப்படவில்லை. வலிக்குப் பாரசிட்டமால் போதுமாக இருந்தது. தினம் மூன்று நான்கு முறை உப்புநீரில் நனைத்துப் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, உடனே ஜெல்லி தடவ வேண்டும். புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. ஈரமாக இருந்தால்தான் செல்கள் நகரும், காய்ந்த பொருக்கு அவற்றுக்குத் தடை. மனைவி இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அலாரம் வைத்துச் செய்தார். சிகிச்சையில் பாதி அவருடையது.

பதினாறாம் நாள் வலப்பக்கமும் நுனியும் மூடிவிட்டன. இளஞ்சிவப்பு, மெல்லிய தோல். இடது மடலில் மட்டும் சிறிய நாணயம் அளவுக்கு ஈரம் மிச்சம் இருந்தது. அன்று மாலை கோப்பைத் திறந்து முதல் பயாப்ஸி அறிக்கையை மறுபடி படித்தேன். "சுரப்பிகள் அங்கங்கே ஒன்றிரண்டு." பரிசோதனையில் என் கையெழுத்திலேயே "விறைப்பு, கசிவு இல்லை" என்று இருந்தது. புற்று உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு அறிக்கையைப் படித்திருக்கிறேன். அது சொன்ன இன்னொரு பதிலை, அதாவது இந்த இடத்தில் விதைநெல் குறைவு, மேலோட்டமாக எடுத்துவிட்டு மீதி மேட்டை அப்படியே விட்டுவிடு என்பதை, காதில் வாங்கவில்லை. எண்ணெய் கசிவை வைத்து ஆழம் பார்க்கும் முறை சுரப்பிகள் நிறைந்த மூக்குக்குத்தான் பொருந்தும். நார் நிறைந்த இடத்தில் அந்த அளவுகோலே இல்லை. கண் அளவும் கை அளவும்தான்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். இந்த இடத்தில் நான் தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விட்டேன், ஆற நாளாகும், தழும்பு வரலாம் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னீங்களே, அது போதும் டாக்டர்" என்றார். மனைவிதான் எத்தனை நாளாகும், மறுபடி வளருமா, மூச்சுக்கு ஏதாவது ஆகுமா என்று வரிசையாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

அந்த இடம் மூடுவதற்கு ஐந்து வாரம் ஆனது. மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் தடவச் சொன்னேன். மூன்றாம் மாதம் வந்தபோது மூக்கின் சிவப்பு பெருமளவு தணிந்திருந்தது. இடது மடலில் பளபளப்பான வெளிறிய திட்டு ஒன்று நிலைத்துவிட்டது, விளிம்பு 1 மி.மீ. அளவுக்கு மேலேறியிருந்தது. மாநிறத் தோலில் வெளிறல் எடுப்பாகவே தெரியும். அதன்மேல் மறுபடி லேசர் எதுவும் செய்யவில்லை, செய்தால் இன்னும் கெடும். வலது பக்கத்தில் ஆறாவது வாரம் தோன்றிய லேசான கருமை வெயில் காப்புக் களிம்பிலேயே மறைந்துவிட்டது. கன்னத்து நுண்குழாய்களுக்கு ரத்தச் சிவப்பணு நிறமியைக் குறிவைக்கும் 595 நானோமீட்டர் சாய லேசர் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அறுத்தெடுத்த திசுவின் அறிக்கையிலும் புற்று இல்லை.

மூக்கு சிறுத்ததால் ரோசேசியா போய்விட்டது என்று ஆகாது. இதைத்தான் ஒவ்வொரு வருகையிலும் திரும்பத் திரும்பச் சொன்னேன். லேசர் எடுத்தது விளைந்த கட்டியை மட்டும். அழற்சியை அடக்காவிட்டால் சில வருடங்களில் மறுபடி தடிக்கலாம். தோல் முழுதாக ஆறிய பிறகு 1 சதவீத ஐவர்மெக்டின் களிம்பு, தினமும் வெயில் காப்பு, கண் உறுத்தலுக்குக் குறைந்த அளவு டாக்ஸிசைக்ளினும் இமைக்கு வெந்நீர் ஒத்தடமும் என்று போகிறது. எது முகத்தைச் சிவக்க வைக்கிறது என்று அவரே ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறார். வெயிலும் சூடான பானமும்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன.

இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. லேசருக்கு முன் மூக்கைப் பகுதி பகுதியாக அழுத்திப் பார்த்து, கசியும் இடத்தையும் கசியாத இடத்தையும் தோலிலேயே பேனாவால் வரைந்துகொள்கிறேன். பயாப்ஸி அனுப்பும் படிவத்தில் "சுரப்பியா, நாரா, எது மிகுதி?" என்று கேள்வியாகவே எழுதுகிறேன். நார் மிகுந்த இடம் என்றால், கொஞ்சம் மேடு மிச்சம் இருக்கும், இரண்டாவது முறை வர வேண்டியிருக்கலாம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். குறைவாக எடுத்தால் மறுபடி எடுக்கலாம். அதிகமாக எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது.

பன்னிரண்டாம் மாதம் இருவரும் வந்தார்கள். கைக்குட்டை இல்லை. வலது பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தேன், எண்ணெய் கொஞ்சம் கசிந்தது, தடிப்பு இல்லை. இடது திட்டு அப்படியேதான் இருக்கிறது. விசில் சத்தம் நின்றுவிட்டது என்றார் மனைவி. கணவர் தன் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மூக்கின் இடப்பக்கம் இடிக்கிறது என்று பல வருடங்களுக்கு முன் அவரே பிடுங்கிப்போட்ட தாங்கு பட்டையைக் கடையில் கொடுத்துத் திரும்பப் பொருத்தியிருந்தார்.